கடலை மிட்டாய்க்காரர்கள் 28 பேர், கையில் நாலு திட்டம்

"அண்ணாச்சி, சேந்து போனா கவர்மெண்ட்ல 80 பர்சென்ட் சும்மாவே தர்றாங்களாமே? எதுல போட்டா நமக்கு வாகா இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், கழுவிவிட்ட ஈரம் காயாத தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 28 பேர், எல்லோரும் கடலை மிட்டாய் போடுகிறவர்கள். அதில் ஒன்பது பேருக்கு நான் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன், அந்த உரிமையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பக்கம். கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அந்த ஊர் மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கோவில்பட்டி என்று பாக்கெட்டில் அச்சடிக்க இவர்களுக்கு வழியில்லை. அதே மண், அதே பருப்பு, பெயர் மட்டும் இல்லை. கூட்டம் போடுகிற யோசனையே அந்தக் கோபத்தில் பிறந்ததுதான்.

திட்டங்களைப் பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கேட்டேன். எல்லோரும் சேர்ந்து ஒரு கூடம் கட்டினால் அதற்குள் என்ன நடக்க வேண்டும்? ஒரு இளைஞர் "ஃபுல் ஆட்டோமேட்டிக் லைன், பாகுல இருந்து பாக்கெட் வரைக்கும்" என்றார். பின் வரிசையில் இருந்த பெரியவர் சிரித்தார். நாற்பது வருடம் பாகு வைத்த கை அவருடையது. பாகிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, இறுகினதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டு, அது எழுப்புகிற 'டிங்' சத்தத்தில் பதம் சொல்லுவார். கொஞ்சம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், கொஞ்சம் பிந்தினால் கசக்கும். 28 யூனிட்டுக்கும் 28 பதம். அதுதான் ஒவ்வொருவருடைய கடைச் சரக்கு, அதைப் பொதுவில் வைக்க ஒருத்தரும் சம்மதிக்கப் போவதில்லை.

ஆக, பொதுவில் வைக்க முடிந்தது பாகுக்கு முந்தின வேலையும் பிந்தின வேலையும்தான். முந்தினது: பருப்பை வறுப்பது, தோல் உரித்துப் புடைப்பது, சொத்தையும் கறுப்பும் பொறுக்குவது. பொறுக்குவதில் அழகு மட்டும் இல்லை. பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு இருக்கக்கூடும். நேரடியாகச் சாப்பிடுகிற நிலக்கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பா சரக்கை உள்ளே விடாது. பிந்தினது: பேக்கிங். ஐப்பசி கார்த்திகையில் மிட்டாய் ஈரத்தை இழுத்துக் கசிந்து, காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். அந்த ரெண்டு மாதத்து ரிட்டர்ன் சரக்கைக் கணக்கெழுதுகிறவன் நான், அதனால் எனக்கு அது நன்றாகத் தெரியும்.

28 பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாலு டன் பருப்பு ஓட்டுகிறார்கள். அதற்குத் தோதான வறுவல் டிரம், தோல் நீக்கி, நிறம் பார்த்துச் சொத்தையைப் பிரிக்கிற கலர் சார்ட்டர், ரெண்டு பேக்கிங் மிஷின், சின்னதாக ஒரு சோதனைக் கூடம், மேலே ஒரு ஷெட். வாங்கி வைத்திருந்த கொட்டேஷன்களைக் கூட்டினால் ஒன்றரைக் கோடி. இந்த எண் முக்கியம், கடைசி வரைக்கும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

முதலில் கேட்டார்களே, அந்த 80 சதவீதம் பொய்யில்லை. மத்திய அரசின் குறு, சிறு தொழில் குழும மேம்பாட்டுத் திட்டம் அது. குழுமம் என்றால் ஒரே பகுதியில் ஒரே தொழில் செய்கிற யூனிட்களின் கூட்டம். டிஐசி என்கிற மாவட்டத் தொழில் மையத்தில் எம்எஸ்இ-சிடிபி என்றால்தான் புரியும். 2022இல் வந்த விதிகளின்படி, பொது வசதி மையம், அதாவது எல்லோரும் சேர்ந்து போடுகிற கூடம், அதன் திட்டச் செலவு 5 கோடியிலிருந்து 10 கோடிக்குள் இருந்தால் 70 சதவீதம் மத்திய மானியம், 10 முதல் 30 கோடி வரை 60 சதவீதம். மலை மாநிலங்கள், வடகிழக்கு, தீவுகள், மத்திய அரசு பின்தங்கியவை என்று குறித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' ஆகியவற்றுக்கு இது 80, 70 என்று கூடும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் ஷெட் போட்டால் 80, அந்தப் பக்கம் போட்டால் 70. பெயரில் தோற்றவர்கள் சதவீதத்தில் ஜெயித்துவிட்டதாக மண்டபத்தில் ஒரே கைதட்டல்.

கைதட்டல் அடங்கியதும் கணக்குப் போட்டோம். இந்தத் திட்டம் ஆரம்பிப்பதே 5 கோடியில். 80 சதவீதம் போக மீதி ஒரு கோடி. மாநில அரசு ஒரு பங்கு போட்டால் குறையும், போடாவிட்டால் அத்தனையும் உறுப்பினர்கள் தலையில்தான். ஒரு உறுப்பினர் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது விதி. ஊரில் பெரிய யூனிட் மூன்று, அவர்கள் ஆளுக்கு 10 லட்சம் போட்டாலும் மீதி 70 லட்சத்தை 25 பேர் பகிர வேண்டும். தலைக்கு 2 லட்சத்து 80 ஆயிரம். இதைச் சொன்ன நிமிஷம் எல்லோருக்கும் டீ கிளாஸில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. தேவை ஒன்றரைக் கோடி, திட்டத்தின் கீழ்வரம்பு 5 கோடி. மீதி மூன்றரைக் கோடிக்கு என்ன வாங்குவது? வாங்குவதற்கு ஆலோசகர்கள் வழி வைத்திருப்பார்கள். நாலு டன் மிஷின் வேண்டிய இடத்தில் இருபது டன் மிஷின் எழுதுவார்கள். பத்து வருடத்தில் உற்பத்தி இத்தனை மடங்கு ஆகும் என்று ஒரு அட்டவணை வரும். ஒரு ஆலோசகர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன திட்ட அறிக்கையைப் புரட்டினேன், நடுப்பக்கத்தில் 'தேங்காய் நார் உறுப்பினர்களின் நலன் கருதி' என்று இருந்தது. வேறொரு ஊருக்கு எழுதினது. கடலையை அதன் மேல் ஒட்டியிருக்கிறார்.

ஊதிப் பெருத்த மிஷின் என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு தொழிலில், வேறொரு ஊரில், ஒரு பொது வசதி மையத்துக்குக் கணக்கெழுதினேன். திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. ஆறு மாதம் கழித்துப் போனபோது பெரிய மிஷினின் கன்ட்ரோல் பேனல் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அந்த மிஷினை ஒரு முறை சூடேற்றி ஓட்ட வேண்டுமென்றால் ஐந்து உறுப்பினர்களின் சரக்கு ஒரே நாளில் வந்து சேர வேண்டும், வரவில்லை. ஆனால் கரண்ட் பில் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாங்கி வைத்த லோடுக்கு நிலைக் கட்டணம் உண்டு. 112 கிலோவாட்டைத் தாண்டினால் ஹெச்டி என்கிற உயரழுத்த இணைப்பு, சொந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று செலவு இன்னொரு படி ஏறும். கடைசியில் மூன்று இயக்குநர்கள் கைக்காசு போட்டு பில் கட்டினார்கள், மற்றவர்கள் போனை எடுக்கவில்லை. நானும் அந்த வருடத்துச் சம்பளத்தைக் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அதற்காக எம்எஸ்இ-சிடிபி ஆகாத திட்டம் என்று சொல்ல வரவில்லை. ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகினவர்கள், குறைந்தது 20 யூனிட், உண்மையிலேயே 6 கோடி, 7 கோடிக்குத் தேவை இருப்பவர்கள் என்றால் இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. காலம்தான் பிடிக்கும். முதலில் குழும ஆய்வறிக்கை, பிறகு திட்ட அறிக்கை, வங்கி அல்லது சிட்பி என்கிற சிறுதொழில் வளர்ச்சி வங்கியின் மதிப்பீடு, டெல்லிக் கமிட்டி, டெண்டர். அதற்குள் ரெண்டு கடலை வெள்ளாமை வந்து போகும்.

இரண்டாவது, ஸ்ஃபூர்த்தி என்கிற மத்திய அரசுத் திட்டம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005இல் பாரம்பரியத் தொழில்களுக்காக வந்தது: கதர், கயிறு, மூங்கில், தேன், கிராமத் தொழில்கள். 500 கைவினைஞர்கள் வரை உள்ள குழுமத்துக்கு இரண்டரைக் கோடி வரை, அதற்கு மேல் ஆள் இருந்தால் 5 கோடி வரை. கட்டடம், மிஷினுக்கு 90 சதவீதம் மானியம், பயிற்சி போன்றவற்றுக்கு முழுசும். நம்முடைய ஒன்றரைக் கோடிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் எண்ணுவது முதலாளிகளை அல்ல, கைவேலை செய்கிறவர்களை. 28 யூனிட்டிலும் பருப்புப் பொறுக்குகிற, மிட்டாய் சுற்றுகிற பெண்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். திட்டத்தின் பயனாளிகள் அவர்கள், பங்காளிகளாகவும் அவர்களைச் சேர்க்க வேண்டும். "அப்ப நாளைக்கு அவங்களும் மீட்டிங்ல உக்காருவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், உட்காருவார்கள். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது, மண்டபத்துக்கு அப்படிப் படவில்லை. இன்னொரு சிக்கல், திட்டத்தை நடத்த ஒரு செயலாக்க முகமை வேண்டும். நிலமும் பத்து சதவீதப் பணமும் கையில் வைத்துக்கொண்டு யாராவது முன்வந்தால், சாவி யார் இடுப்பில் தொங்கும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பிஎம்எஃப்எம்இ, 2020இல் மத்திய அரசு குறு உணவுத் தொழிலுக்கென்றே கொண்டுவந்தது. இது கூட்டத்தில் யாரையும் கவரவில்லை, ஏனென்றால் 35 சதவீதம்தான். ஆனால் இதில் தனியாளாகவும் போகலாம். 6 லட்சத்துக்கு ஒரு வறுவல் டிரம் வாங்கினால் 60 ஆயிரம் கையிலிருந்து, மீதி வங்கிக் கடன், மானியம் 2 லட்சத்து 10 ஆயிரம். தனியாருக்கு உச்சவரம்பு 10 லட்சம், குழுவாகப் பொது வசதி அமைத்தால் 3 கோடி. மானியம் உடனே கைக்கு வராது, வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். மூன்று வருடம் கடன் ஒழுங்காகப் போய், தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். பலருக்கு இது குறை. எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே இதுதான். வங்கிக்காரர் ஒருவர் நடுவில் இருப்பதால் இருபது டன் மிஷின் எழுத முடியாது, மாதத் தவணை கட்டுகிற மிஷின் பூட்டிக் கிடக்காது. மகளிர் குழுவில் இருந்து உணவு வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு 40 ஆயிரம் தொடக்க நிதியும் இதில் உண்டு. மிட்டாய் சுற்றுகிற அக்காமார்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலாவது, கூட்டுறவு. பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "ரேஷன் கடையா அண்ணாச்சி?"

சேலத்துச் சேகோசர்வ் பற்றிச் சொன்னேன். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்களின் தொழிற் கூட்டுறவுச் சங்கம், 1981இல் தொடங்கினது, இன்றைக்கும் நிற்கிறது. அதன் பலம் மிஷினில் இல்லை, விற்பனையில். ஆலைக்காரர் மூட்டையைக் கொண்டுபோய்ச் சங்கக் கிடங்கில் இறக்குவார், மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள், டெண்டரில் விலை வரும், இருப்பு வைத்த சரக்கின் மேல் முன்பணம் கிடைக்கும். தரகர் சொன்னதுதான் விலை என்ற நிலையில், விலையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகையில் எழுதினதே பெரிய காரியம். நீலகிரியில் 1965இலிருந்து இன்கோசர்வ் இருக்கிறது, 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தலைமைச் சங்கம். அங்கே பச்சைத் தேயிலைக்கு விலை போதவில்லை என்று சிறு விவசாயிகள் போராடுவதையும் மறைக்கக் கூடாது. சங்கம் வைத்துக்கொண்டால் மட்டும் சந்தை விலை ஏறிவிடாது.

கூட்டுறவுச் சங்கம் பதிய வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த 25 பேர் வேண்டும் என்கிறது 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம். 28 பேர் இருக்கிறோமே என்றார்கள். எண்ணிப் பார்த்தோம். புருஷன் பெயரில் ஒரு யூனிட், பெண்டாட்டி பெயரில் ஒரு யூனிட் என்று நாலு வீட்டில் ரெண்டு ரெண்டு லைசென்ஸ். ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள், நானும் சொல்லப் போவதில்லை. 28இல் நாலைக் கழித்தால் 24. ஒரு ஆள் குறைகிறது! இதற்காகப் பக்கத்து ஊரில் எள்ளுருண்டை போடுகிற ஒருவரைக் கூப்பிடலாமா என்று பதினைந்து நிமிஷம் விவாதம் நடந்தது.

அசல் தயக்கம் வேறு. கூட்டுறவில் பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பெரிய மூன்று யூனிட்டும் ஊர் உற்பத்தியில் பாதியைப் போடுகிறவர்கள். ஒரு நாளைக்கு எண்பது கிலோ பருப்பு ஓட்டுகிறவரும் எழுநூறு கிலோ ஓட்டுகிறவரும் ஒரே தராசில் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை. கம்பெனியாகப் பதிந்தால் பங்குக்குத் தக்க ஓட்டு. அதைச் சின்னவர்கள் விரும்பவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் சாய்வைச் சொல்கிறேன்: உள்ளூரில் ஆள் பலம் சரிசமமாக இருக்கும் குழுவுக்குக் கம்பெனி போதும். மேல் கை, கீழ் கை என்று இருக்கிற குழுவுக்குக் கூட்டுறவுதான் காப்பு. ஆனால் தணிக்கை, பொதுப்பேரவை, தேர்தல், எதை வாங்கினாலும் துணைவிதியைப் பார்ப்பது என்று பொறுமை வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் முடிந்து சங்கங்கள் தனி அலுவலர் கைக்குப் போன காலங்களையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டுறவா, குழுமத் திட்டமா என்று எதிரெதிரே நிறுத்திக் கேட்டதே பிசகு. திட்டம் என்பது பணம் வருகிற வழி. கூட்டுறவு, கம்பெனி, சங்கம் என்பவை அந்தப் பணத்தை வாங்கி வைக்கிற பாத்திரம். கூட்டுறவாகப் பதிந்துகொண்டே குழுமத் திட்டத்துக்குப் போகலாம், பிஎம்எஃப்எம்இயில் பொது வசதிக்கும் போகலாம். எந்தப் பாத்திரமானாலும் உறுப்பினரிடம் வாங்குகிற வறுவல் கூலிக்கு ஜிஎஸ்டி உண்டு. நம்ம சங்கம், நம்ம சரக்கு என்று சொல்லித் தப்பலாம் என்று நம்பி இறங்கக் கூடாது, 2021இல் சட்டத்தைத் திருத்திச் சங்கம் வேறு, உறுப்பினர் வேறு என்று எழுதியே வைத்துவிட்டார்கள். வறுவல் கூலியை நிர்ணயிக்கும்போது இதைச் சேர்க்காத திட்ட அறிக்கையை நம்பாதீர்கள்.

"அப்ப நீங்க எதைத்தான் சொல்றீங்க?"

நான் சொன்னது இது. 80 சதவீதத்தை மறந்துவிடுங்கள். உங்கள் தேவை ஒன்றரைக் கோடி, அது 5 கோடித் திட்டத்துக்குள் அடங்காது, அடங்க வைக்கப் பார்த்தால் உடையும். தமிழ்நாடு அரசு குறுந்தொழில் குழுமங்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது, உங்கள் அளவு அதற்குத்தான் பொருந்தும். டிஐசியில் போய் இன்றைய அரசாணையைக் கையில் வாங்குங்கள். இந்த மத்தியத் திட்டங்கள் எல்லாம் 2026 மார்ச் வரைக்குமான நிதிக்குழுக் காலத்தை வைத்துப் போட்டவை, எது தொடர்கிறது, எதில் விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஆலோசகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் டிரம்மோ பேக்கிங் மிஷினோ அவசரமாக வேண்டியவர்கள் பிஎம்எஃப்எம்இயில் தனியாகப் போகட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. கமிஷன் கடையில் 15 நாள் கடனுக்கு எடுக்கும் பருப்புக்குச் சின்ன யூனிட்காரர்கள் கிலோவுக்கு நாலு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். என்னிடம் வருகிற பில்லில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. அவர்கள் ஓட்டுகிற பாதி, ஒரு நாளைக்கு ரெண்டு டன் என்றால் 8 ஆயிரம் ரூபாய், மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 2 லட்சம். மானியம் எதுவும் இல்லாமல், திறப்பு விழா இல்லாமல் மிச்சம் ஆகிற பணம். ஒரு லோடு, 10 டன் பருப்பை ரொக்கத்துக்கு எடுத்துப் பங்கிடுங்கள். கிலோ 120 ரூபாய் என்றால் 12 லட்சம். ஒன்பது பேர் சேர்ந்தால் தலைக்கு 1 லட்சத்து 35 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்பது பேரால் ஒரு லோடைச் சண்டையில்லாமல் பிரிக்க முடியவில்லை என்றால் 28 பேரால் ஒரு கலர் சார்ட்டரை முறை வைத்து ஓட்ட முடியாது.

பெரிய யூனிட்காரர்கள் மூவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். அவர்களுக்கு ரொக்க விலை ஏற்கெனவே கிடைக்கிறது, நான் சொன்னதில் அவர்களுக்கு லாபமில்லை என்பது உண்மைதான். பாகு பதம் பார்க்கிற பெரியவர்தான் முதலில் கையைத் தூக்கினார். அவரையும் சேர்த்து ஏழு பேர் தேறினார்கள். ஒன்பதாவது நாள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரி வந்து இறங்கியது, பத்து டன் இல்லை, எட்டு டன். எடை போடும்போது சாக்கின் எடையைக் கழிப்பதா வேண்டாமா என்று சத்தம் கிளம்பிவிட்டது. கழித்து எழுதச் சொல்லி நோட்டில் முதல் பக்கம் ஆரம்பித்திருக்கிறேன்.